ஒன்றரை மணி வெயிலும் கன்னத்துக் கருந்திட்டும்: தோலை எப்படிக் காப்பது?

கேள்வி: உப்புவெளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் உப்புவெளியிலிருந்து கிண்ணியாவிலுள்ள பாடசாலையொன்றுக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் சென்று கற்பித்து வருகிறேன். காலையில் போகும்போது வெயில் ஒரு பொருட்டாக இருப்பதில்லை. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டபின், பாலத்தைக் கடந்து சீனக்குடா வழியாகத் திரும்பும்போதுதான் முகமும் முன்கைகளும் காந்தத் தொடங்குகின்றன. கச்சான் வீசும் மாதங்களில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் வழியில் சூடே தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது தோல் இறுகி, கன்ன எலும்பின் மேல் எரிச்சல் எடுக்கிறது.

என் பிரச்சினை இரண்டு வகையானது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் இரு கன்னங்களிலும் ஒரே மாதிரியான பழுப்புத் திட்டுகள் தோன்றின. பிள்ளை பிறந்தபின் தானாகவே மறைந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். ஓரளவு மங்கவும் செய்தன. இந்தப் பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்து வந்தபின் அவை மீண்டும் கருத்து, மேலுதட்டுக்கும் பரவியிருக்கின்றன. அடுத்தது, தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் குவியும் காலங்களில் தாடையைச் சுற்றிப் பருக்கள் வருவதும், கழுத்திலும் முழங்கையின் உட்புறத்திலும் அரிப்பெடுத்துத் தோல் தடிப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களில் நித்திரையும் குறைவு, வீட்டிலும் வேலையிலும் மன அழுத்தமும் அதிகம்.

உடன் கற்பிக்கும் ஆசிரியைகள் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். தேசிக்காய்ச் சாற்றில் தேன் கலந்து பூசச் சொல்கிறார் ஒருவர். கஸ்தூரி மஞ்சளும் சந்தனமும் போதும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், கைத்தொலைபேசியில் பதிவு செய்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு கிறீமைக் காட்டினார். சிறிய வெள்ளை டப்பா, அதில் பெயரும் இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்ற விபரமும் இல்லை. ஒரு கிழமையில் முகம் வெளுக்கும் என்றார். எனக்கு வெள்ளையாக வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. என் நிறத்தில் எனக்குக் குறையும் இல்லை. எரிச்சலும் திட்டும் இல்லாத ஆரோக்கியமான தோல் இருந்தால் போதும்.

நான் அறிய விரும்புவது இவற்றைத்தான். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் உண்மையில் தேவையா, தேவையென்றால் எப்படிப்பட்டதை, எப்போது, எவ்வளவு பூச வேண்டும்? மன அழுத்தத்தால் தோல் கெடுமென்று சொல்வது சரிதானா? ஆசிரியர் சம்பளத்துக்குள் அடங்கும் வழியாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


பதில் 1: நகர மருந்தாளர்

வணக்கம் ஆசிரியை. நான் திருகோணமலை நகரில் மருந்தகமொன்றில் பணிபுரிகிறேன். நீங்கள் விபரித்திருக்கும் திட்டுகள் பெரும்பாலும் ‘மங்கு’ என்று நாம் சொல்வதாக இருக்கலாம். மருத்துவர்கள் அதை மெலாஸ்மா என்பார்கள். கர்ப்ப காலத்திலும், சில கருத்தடை மாத்திரைகளைப் பாவிக்கும்போதும் ஓமோன் மாற்றத்தால் அது தூண்டப்படுகிறது. வெயில் அதை வளர்க்கிறது. இரு கன்னங்களிலும் சமமாக வருவதும், மேலுதட்டைப் பிடிப்பதும் அதன் இயல்பு. ஆயினும் நேரில் பார்க்காமல் எவரும் உறுதி சொல்ல முடியாது என்பதால், வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையம் அங்கேதான் இருக்கிறது. வெயிலிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்ட உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் புற ஊதாக் குறியீட்டில் 3 இலிருந்தே பாதுகாப்புத் தேவை. 8 முதல் 10 வரை மிக உயர்ந்தது, 11 உம் அதற்கு மேலும் உச்ச ஆபத்து. வானம் தெளிவாக உள்ள நாட்களில் இலங்கையின் நண்பகல் ஆண்டின் பெரும்பகுதியில் அந்த 11 ஐத் தாண்டிவிடுகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் திருகோணமலைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிறது. அப்போது நண்பகல் பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. நீங்கள் காலையில் புறப்படும் ஏழு மணியளவில் குறியீடு 1 அல்லது 2 தான். ஒன்றரை மணிக்கோ அது உச்சத்திலிருந்து சிறிதளவே இறங்கியிருக்கும். ஆகவே காலையில் முகத்துக்குப் பூசிவிட்டு அதையே நம்பித் திரும்பி வருகிறவர், பாதுகாப்புத் தேவையில்லாத வேளையில் பாதுகாப்போடும், மிகவும் தேவையான வேளையில் அது இல்லாமலும் பயணம் செய்கிறார். சன்ஸ்கிரீன் வெயிலிலும் வியர்வையிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே நம்பத்தக்கது. எனவே உங்கள் கைப்பையில் அது இருக்க வேண்டும். கடைசிப் பாடம் முடிந்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்து, புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூச வேண்டும். காசு குறைவாக இருந்தால் காலைப் பூச்சை விட்டாலும், இந்த மதியப் பூச்சை விடாதீர்கள்.

கறுத்த தோலுக்குத் தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருள் இயற்கையான காப்புத்தான். மிகக் கறுத்த தோலின் மேற்படலம் ஏறக்குறைய எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீனின் காப்பு அளவைக் காட்டும் எண்) 13 அளவுக்குக் காப்புத் தருவதாக 1979 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. அதனால்தான் வெயிலில் தோல் சிவந்து வெந்துபோவதும், வெயிலால் வரும் தோல் புற்றுநோயும் நம்மிடையே வெள்ளையர்களைவிட மிகக் குறைவு. ஆனால் எஸ்.பி.எஃப். என்ற எண் தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதா பி கதிரைத்தான் முக்கியமாக அளக்கிறது. தோலின் ஆழத்துக்குச் சென்று சுருக்கத்தையும் கருமையையும் உண்டாக்கும் புற ஊதா ஏ கதிர் வேறு. அது வகுப்பறை யன்னல் கண்ணாடியையும் ஊடுருவும். இவை போதாதென்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீல ஊதாப் பகுதியும் கறுத்த தோலில் கருமையைக் கூட்டுகிறது என்பது இப்போது நன்கு அறியப்பட்டுள்ளது. ஆகவே நமக்கு வெயில் செய்யும் தீங்கு கொப்புளமாக வருவதைவிடத் திட்டாகவே அதிகம் வருகிறது. திட்டு இருப்பவருக்கு சன்ஸ்கிரீன் தேவைதான்.

வாங்கும்போது எஸ்.பி.எஃப். 30 அல்லது 50 பாருங்கள். 30 என்றால் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 என்றால் 98 சதவீதத்தையும் தடுக்கும். இந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை. புற ஊதா ஏ கதிருக்கான காப்பை பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள் காட்டும். மூன்றோ நான்கோ இருந்தால் நல்லது. மங்கு இருப்பவர்கள், தோல் நிறச் சாயம் சேர்ந்த வகையை வாங்க முடிந்தால் வாங்குங்கள். அந்தப் பழுப்பு நிறத்தைத் தரும் இரும்பு ஒக்சைட்டு, மற்றைய சன்ஸ்கிரீன்கள் விட்டுவிடும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது. முகத்தில் வெள்ளை பூத்து நிற்கும் தொல்லையும் அதில் இல்லை.

அளவில்தான் பெரும்பாலானோர் குறைக்கிறார்கள். டப்பாவில் அச்சிட்ட எண், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெற்றது. முகத்துக்கும் கழுத்துக்குமாக, சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை பிதுக்கிய இரண்டு கோடுகள் வேண்டும். பயறளவு எடுத்துத் தேய்த்தால் எண் 50 ஆக இருந்தும் பயன் இல்லை. இந்தக் கணக்கில் சிறிய டியூப் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால்தான், சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் ஒதுக்கிவிட்டு, கைகளைத் துணியால் மூடச் சொல்கிறேன். நீண்ட கைச் சட்டை, பருத்திக் கையுறை, கண்ணாடி முகமறைப்புள்ள தலைக்கவசம், கழுத்தைச் சுற்றிய சால்வை ஆகியவற்றுக்கு ஒருமுறைதான் செலவு.

தேசிக்காயைத் தயவுசெய்து முகத்தில் வைக்காதீர்கள். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபுரோகூமரின் என்னும் பொருள், புற ஊதா ஏ கதிர் பட்டதும் தோலை எரிக்கிறது. எரிவு உடனே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துச் சிவந்து, சிலருக்குக் கொப்புளமாகி, பின்பு சாறு வழிந்த கோட்டின் வடிவிலேயே கருத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். மஞ்சளும் சந்தனமும் பலருக்குத் தீங்கு செய்வதில்லை; ஆனால் அவை வெயிலைத் தடுப்பவை அல்ல. தேங்காயெண்ணெயும் அப்படியே: இரவில் உலர்ந்த கை கால்களுக்கு நல்லது, பகலில் அதை நம்பி வெயிலில் இறங்கக் கூடாது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்க்கிறேன். சில மாத்திரைகள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். எலிக்காய்ச்சலைத் தடுப்பதற்காக தம்பலகாமத்து வயல்காரர்கள் போன்றோருக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட்டு ஆகிய இரண்டும் அவ்வாறானவை. அவற்றைப் பாவிப்பவர்கள் மருந்தை நிறுத்தக் கூடாது. வெயிலிலிருந்து கூடுதலாக ஒதுங்க வேண்டும், தோலில் மாற்றம் தெரிந்தால் மருந்து எழுதியவரிடம் சொல்ல வேண்டும்.


பதில் 2: நிலாவெளிக் கரை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பத்தில் மூத்தவர்கள் கரைவலை இழுத்தவர்கள். இப்போது நாங்கள் நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாமலைத் தீவுக்குப் படகு விடுகிறோம். நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் தொழில் என்பதால், துணியைப் பற்றி மருந்தாளர் சொன்னதை இன்னும் விரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எல்லாத் துணியும் ஒரே அளவு காக்காது. மெல்லிய வெள்ளைப் பருத்தி சேர்ட்டு நனைந்து உடலோடு ஒட்டிவிட்டால், அதனூடாகக் கதிர் தாராளமாக உள்ளே வரும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறமுள்ள துணி நல்லது. பொலியெஸ்டர் கலந்த நீண்ட கை மேலாடை நனைந்தாலும் காக்கும், விரைவில் உலரும். துணியை மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: குமிழின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணியை வெயிலுக்கு நம்ப வேண்டாம். வலை இழுப்பவர்கள் தலைத்துண்டை காதும் பிடரியும் மறையக் கட்டுவது வெறும் வழக்கமல்ல. தொப்பி போட்டால் பலருக்கு மறைக்கத் தவறும் இடங்கள் அவைதான். தொப்பியைத்தான் விரும்புகிறீர்களென்றால் சுற்றுவிளிம்பு நாலு விரலுக்குக் குறையாமல் அகன்றிருக்க வேண்டும்.

நிழலில் நின்றுவிட்டால் முழுப் பாதுகாப்பு என்று எண்ணுவதும் கடற்கரையில் பொருந்தாது. உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீரில் அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் இருக்கிறது. புறாமலையில் முகக்கண்ணாடி அணிந்து மீன் பார்க்கக் குப்புற மிதப்பவர்களின் முதுகும் பின்தொடையும் வெந்துபோவதை நான் பருவந்தோறும் பார்க்கிறேன். நீர் குளிர்ச்சியாக இருப்பதால் கரையேறும்வரை அவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. கச்சான் காற்றில் உங்களுக்கு நேர்வதும் அதேதான். சூடு தெரியவில்லை என்பதால் கதிர் குறைவு என்று ஆகாது. மெல்லிய முகில் மூடிய நாளிலும் கதிரின் பெரும்பகுதி கீழே வந்துவிடும்.

கடலில் இறங்குவோருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. புறாமலை 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது; அங்குள்ள முருகைக்கற்களே எங்கள் வாழ்வு. ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேற்று ஆகிய கதிர்தடுப்பு இரசாயனங்கள் சேர்ந்த சன்ஸ்கிரீன்கள் முருகைக்கல்லுக்குக் கேடு என்ற கவலையால் ஹவாய் மாநிலம் 2018 இல் சட்டம் இயற்றி, 2021 தொடக்கம் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. நீரில் இறங்கும்போது நீண்ட கை மேலாடை அணிந்து, முகத்துக்கு மட்டும் துத்தநாக ஒக்சைட்டு வகையைப் பூசினால் தோலுக்கும் நல்லது, கடலில் கரையும் பூச்சும் குறையும்.

கண்ணையும் மறக்காதீர்கள். வெண்விழியில் மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழியை நோக்கிப் படர்வதை எங்கள் மூத்தவர்கள் பலரிடம் காணலாம். நீண்டகால வெயில் அதற்கு முக்கிய காரணம். ஸ்கூட்டரில் போகும்போது புற ஊதாத் தடுப்புள்ள கண்ணாடி அணியுங்கள்.


பதில் 3: ஓய்வுபெற்ற தாதி

அன்புள்ள ஆசிரியை, நான் அரச வைத்தியசாலைகளில் தோல் நோய்ப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மன அழுத்தம் பற்றிய உங்கள் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் எழுதாததால் எழுதுகிறேன்.

அழுத்தத்தால் தோல் கெடுவது உண்மை. மனம் நெருக்கடியில் இருக்கும்போது உடல் கோர்ட்டிசோல் என்னும் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது நீடித்தால், தோலின் மேற்படலத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்து வெளிப்பொருள்களைத் தடுக்கும் கொழுப்புப் படலம் உருவாவது மந்தமாகிறது. 2001 இல் அமெரிக்காவில் மருத்துவம், மருந்தாக்கவியல் போன்ற துறைகளைப் பயிலும் மாணவர்களின் தோலைச் சோதித்தபோது, விடுமுறையில் விரைவாகச் சீரான அந்தக் காப்புப் படலம் பரீட்சைக் காலத்தில் சீராகத் தாமதித்தது கண்டறியப்பட்டது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு நேர்வது, அந்த விடைத்தாளைத் திருத்த நள்ளிரவுவரை விழித்திருக்கும் ஆசிரியைக்கும் நேரும். அழுத்தம் எண்ணெய்ச் சுரப்பிகளையும் தூண்டுவதால், ஏற்கெனவே பருக்கள் வரும் தன்மையுள்ள தோலில் அவை கூடுகின்றன.

ஆனால் இவற்றைவிட நான் கண்ணால் அதிகம் கண்ட தீங்கு, கையால் நேர்வது. யோசனையில் இருக்கும்போது நம்மை அறியாமலே கை கழுத்தைச் சொறிகிறது, தாடையிலுள்ள பருவைக் கிள்ளுகிறது. சொறிந்த இடம் தடிக்கிறது, தடித்த இடம் மேலும் அரிக்கிறது. நமது நிறத் தோலில் எந்தப் புண்ணும் ஆறும்போது கருமையை விட்டுத்தான் ஆறும். வெயில் பட்டால் அந்தக் கருமை நிலைத்துவிடும். உங்கள் இரண்டு பிரச்சினைகளும் ஒன்றோடொன்று கைகோக்கும் இடம் இதுதான். ஆகவே நகத்தை ஒட்ட வெட்டிவையுங்கள். அரிக்கும்போது சொறியாமல், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடங்கள் அந்த இடத்தில் வையுங்கள். விடைத்தாள் திருத்தும் மேசையில் ஒரு சிறு ஈரப்பூச்சு டப்பா இருக்கட்டும்; சொறியப் போகும் கை அதை எடுக்கப் பழகிவிடும்.

குளியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலில் வந்த களைப்புக்கு நாளில் பல தடவை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளிப்பது நம்மூர் வழக்கம். ஆரோக்கியமான தோல் சற்று அமிலத் தன்மை உடையது. சாதாரண சவர்க்காரம் காரத் தன்மை உடையது. அரிப்பு உள்ள காலங்களில் ஒரு தடவை, அதுவும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சவர்க்காரம் போட்டால் போதும். மற்ற வேளைகளில் வெறும் தண்ணீர். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுவதும் காயுமுன் ஈரப்பூச்சைப் பூசுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. வாசனை சேராத வெள்ளை வசிலீன்கூடக் கை கால்களுக்கு நல்ல காப்பு. பரு உள்ள முகத்துக்கு மட்டும் எண்ணெய் சாராத வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நித்திரையைக் குறைத்து எந்தக் கிறீமைப் பூசினாலும் பலன் முழுமையாகக் கிடைக்காது. இது சொல்ல எளிது, பிள்ளைகளையும் வீட்டையும் பாடசாலையையும் ஒருவரே சுமக்கும்போது செய்வது கடினம் என்பதை நான் அறிவேன். விடைத்தாள்களை ஓர் இரவில் முடிப்பதற்குப் பதிலாகச் சிறு கட்டுகளாகப் பிரித்து, மாலை நேரத்தில் பிள்ளைகள் படிக்கும் மேசையிலேயே திருத்தி, படுக்கும் நேரத்தை மாற்றாமல் வைத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள மற்றவர்கள் அந்த நேரத்துச் சமையலை ஏற்றுக்கொள்வதும் தோலுக்கான வைத்தியத்தின் ஒரு பகுதிதான். மனம் எப்போதும் பாரமாக இருந்தால், நித்திரை கிழமைக்கணக்கில் வராவிட்டால், அதைத் தோல் பிரச்சினையோடு சேர்த்து மறைக்காமல் வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள்.


பதில் 4: மூதூர்ச் சகோதரி

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. பெயரில்லாத அந்த வெள்ளை டப்பாவைப் பற்றி மட்டும் எழுத வந்தேன். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர் திருமணத்துக்கு முன் அப்படியொரு கிறீமைத் தொடர்ந்து பூசினார். ஆரம்பத்தில் முகம் பளிச்சென்று வெளுத்தது, எல்லோரும் பாராட்டினார்கள். நிறுத்தியவுடன் முகம் முழுவதும் சிவந்து எரிந்தது, வெயிலில் முற்றத்துக்குக்கூட இறங்க முடியவில்லை. கன்னத்தில் மெல்லிய நரம்புகள் வெளியே தெரிந்தன, மோவாயில் முடி வளர்ந்தது. அதில் வீரியமான ஸ்டிரோயிட்டு கலந்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். சுகப்படுத்த நீண்ட காலம் எடுத்தது. விற்றவரின் தொலைபேசி அதற்குள் வேலை செய்யவில்லை.

முகம் வெளுக்கும் என்று யார் சொன்னாலும், என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத எதையும் தோலில் வைக்காதீர்கள். உங்கள் மகளுக்கும் மாணவிகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.


உப்புவெளி ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை வாசித்தேன். தேசிக்காயையும் அந்த டப்பாவையும் பற்றி ஆசிரியர் அறையில் நாளையே பேசுவேன். மேலும் மூன்று சந்தேகங்கள் உண்டு. சன்ஸ்கிரீன் பூசினால் தலைக்கவசத்துக்குள் வியர்த்து, அது கண்ணில் வழிந்து எரிகிறது. இதற்கு என்ன செய்யலாம்? என் வகுப்பில் சில பிள்ளைகளின் முகத்திலும் தோளிலும் வெளிறிய திட்டுகள் இருக்கின்றன. அவையும் வெயிலால் வந்தவையா? மங்கு முற்றாக மறையுமா?


பதில் 5: நகர மருந்தாளர்

மூதூர்ச் சகோதரி எழுதியதை முதலில் உறுதிப்படுத்துகிறேன். இவ்வாறான கிறீம்களில் ஸ்டிரோயிட்டு மட்டுமன்றிப் பாதரசமும் இருக்கக்கூடும். பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால்தான் நிறம் வெளுக்கிறது. ஆனால் அது தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரோடு நிற்பதில்லை, துவாய், தலையணை உறை, தாயின் கன்னம் வழியாகக் குழந்தைக்கும் போகும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இதற்கெனத் தடையே உண்டு. லேபிளில் கலோமெல் என்றோ மேர்கியூரி என்றோ இருந்தால் தொடாதீர்கள். லேபிளே இல்லையென்றால் ஐயப்படுவதற்கு அதுவே போதும். இப்படி விற்பவர்களைப் பற்றி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஏற்கெனவே ஒருவர் நீண்ட நாள் பூசி வந்திருந்தால், திடீரென்று தானாக நிறுத்தி அவதிப்படாமல் டப்பாவோடு வைத்தியரிடம் செல்லட்டும்.

கண்ணெரிச்சலுக்கு வழி எளிது. நெற்றியில் பூசுவதால்தான் அது வழிகிறது. தலைக்கவசம் நெற்றியை மூடும் என்பதால், ஸ்கூட்டர் பயணத்துக்கு நெற்றியின் மேற்பகுதியில் பூச வேண்டாம். புருவத்துக்குக் கீழே, கன்னம், மூக்கு, மேலுதடு, காது, கழுத்து ஆகியவற்றுக்கு நிறைவாகப் பூசுங்கள். துத்தநாக ஒக்சைட்டு வகைகள் கண்ணை எரிப்பது பொதுவாகக் குறைவு. தலைக்கவசத்துக்குள் மெல்லிய பருத்தித் துணியொன்றைக் கட்டினால் வியர்வை அதில் இறங்கிவிடும். அந்தத் துணியை நாள்தோறும் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நெற்றியில் பரு வரும்.

பிள்ளைகளின் வெளிறிய திட்டுகளைப் பொறுத்தவரை, முகத்தில் மட்டும் மங்கலாக, மெல்லிய செதிலோடு இருந்தால் அது பெரும்பாலும் உலர்ந்த தோலால் வருவது. ஈரப்பூச்சும் வெயில் பாதுகாப்பும் போதும், காலப்போக்கில் மறையும். தோள், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் சிறு சிறு வட்டங்களாக இருந்தால் தேமலாக இருக்கலாம். அது வெயிலால் வருவதல்ல. தோலில் இயல்பாக வாழும் ஒரு பூஞ்சணம் வியர்வையில் பெருகுவதால் வருவது. சுற்றியுள்ள தோல் வெயிலில் கருக்கும்போது திட்டு மட்டும் வெளிறித் தெரிவதால் வெயில்மேல் பழி விழுகிறது. பூஞ்சண மருந்தால் அது குணமாகும்; நிறம் திரும்ப மட்டும் சில மாதங்கள் செல்லும். இவற்றுக்கு அப்பால் ஒன்றை ஆசிரியை என்ற முறையில் நீங்கள் கவனிக்க வேண்டும். திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், அங்கே வியர்வையோ முடியோ இல்லையென்றால், அந்தப் பிள்ளையைத் தாமதமின்றி அரச வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லி பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள். அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். சிகிச்சை இலவசம்; ஆரம்பத்திலேயே தொடங்கினால் எந்த ஊனமும் இல்லாமல் முற்றாகக் குணமாகும், பிள்ளை வழக்கம்போல் பாடசாலைக்கு வரலாம்.

மங்கு பற்றி உள்ளதை உள்ளபடி உங்களிடம் சொல்கிறேன். அது நன்கு மங்கும். பலருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விடும். ஆனால் வெயில் பாதுகாப்பைக் கைவிட்டால் திரும்ப வரும் தன்மை அதற்கு உண்டு. வைத்தியர்கள் அசெலயிக் அமிலம், ஹைட்ரோகுவினோன் போன்ற பூச்சு மருந்துகளைக் கொடுப்பார்கள். ஹைட்ரோகுவினோனைக் கண்காணிப்பின்றி நீண்ட காலம் பூசினால் அதுவே நீங்காத கருமையை உண்டாக்கும் என்பதால், அதை ஒருபோதும் தோழியின் டப்பாவிலிருந்து வாங்கிப் பூசாதீர்கள். கருத்தடை மாத்திரை பாவிக்கிறீர்களென்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், வேறு முறைக்கு மாறலாமா என்று அவர் தீர்மானிப்பார். வெளிநோயாளர் பிரிவில் காட்டித் தோல் நோய்க் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். போகும்போது இப்போது முகத்தில் பூசும் எல்லாவற்றையும், பௌடர் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; அதைப் பார்த்தாலே வைத்தியருக்குப் பாதி விபரம் கிடைத்துவிடும்.